நனைந்த சுவரும் நழுவும் பொறுப்பும்

கட்டிட வேலையில் குறை நேர்ந்து வீட்டுக்காரருக்கு நஷ்டம் உண்டானால், அக்குறையில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் முழு நஷ்டத்துக்கும் பொறுப்பாளி என்பது நியூஜிலாந்தில் நெடுநாளாக இருந்துவரும் நியாயம். அதைக் கைவிட்டு, அவரவர் செய்த தவற்றின் அளவுக்கே அவரவர் பொறுப்பு என்று சட்டத்தைத் திருத்தப்போவதாக அந்நாட்டு சர்க்கார் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. பிறர் செய்த பிழைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்காதவர் யார்? ஆயினும், அத்தேசத்தின் வீட்டுச் சுவர்களுக்குள் சென்ற முப்பது வருஷங்களாக நடந்துவந்த சம்பவங்களை அறிந்தவர்கள், இந்த அறிவிப்பை அவ்வளவு இலகுவாக வரவேற்க முடியாது. சுவரின் கதையை முதலில் சொல்லிவிட்டுச் சட்டத்தின் கதைக்கு வருவோம்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவரையே பார்த்துப் பழகிய நமக்கு, மேல்நாடுகளில் இப்பொழுது பரவியுள்ள ஒருவகைச் சுவர் விநோதமாகத் தோன்றும். வெளியிலிருந்து பார்த்தால் அது வழுவழுப்பான காரைச் சுவர். விரலால் தட்டினால்தான் உள்ளே கூடாக இருப்பது தெரியும். அதன் உள்ளே இருப்பது பாலிஸ்டிரீன் என்னும் நுரைப் பலகை. நம் கடைகளில் தெர்மோகோல் என்று விற்கப்படும் பொருளே அது. அப்பலகையைக் கட்டிடத்தின் வெளிமுகத்தில் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி நார் வலையைப் பதித்து ஒரு பூச்சும், அதற்கும் மேலே அக்ரிலிக் பசை கலந்த வர்ணப் பூச்சும் பூசுகிறார்கள். குளிரும் வெயிலும் உள்ளே நுழைவதை நுரைப் பலகை தடுக்கிறது. வீட்டைச் சூடாக்க ஆகும் எரிபொருள் மிச்சமாகிறது. விலையும் மலிவு, வேண்டிய வளைவுகளையும் வரம்புகளையும் சுலபமாகச் செதுக்கிக் கொள்ளலாம். இத்தனை நன்மைகளும் மெய்யானவையே.

இம்முறை இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், வளர்ந்தது. அங்கே அதைப் பெரும்பாலும் செங்கல், கான்கிரீட் சுவர்களின்மேல் ஒட்டினார்கள். எங்கேனும் ஒரு விரிசல் வழியாகச் சிறிது மழைநீர் புகுந்தாலும் கல் சுவர் அதை உறிஞ்சி, பிறகு மெல்ல உலர்த்திவிடும். கல்லுக்குக் கெடுதி இல்லை. 1969-ம் வருஷத்தில் அமெரிக்காவுக்குச் சென்ற இம்முறை, பின்னர் அந்நாட்டு வழக்கப்படி மரச்சட்டத்தால் கட்டிய வீடுகளின்மேலும் ஏறியது. பூச்சு மாறவில்லை, அதைத் தாங்கும் எலும்பு மாறிவிட்டது. மரத்தைப் பற்றித் தச்சர் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. நனைந்து உடனே உலர்ந்த மரம் கெடுவதில்லை. நனைந்து உலர வழியில்லாத மரம் உளுத்தே தீரும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே நின்றால் பயமில்லை. முப்பதை நெருங்கி அங்கேயே தங்கிவிட்டால் பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

வட கரோலினா மாநிலத்தில் கடலோரமாக உள்ள வில்மிங்டன் நகரில் 1995-ம் வருஷத்தில் இந்த உண்மை வெளிப்பட்டது. கட்டிச் சில வருஷங்களே ஆன அழகிய வீடுகளின் சுவர்களில் ஊசிமுனைக் கருவிகளைச் செருகி ஈரத்தை அளந்தார்கள். சோதிக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில், பூச்சுக்குப் பின்னாலிருந்த ஒட்டுப்பலகையும் மரச்சட்டமும் நனைந்திருந்தன. பலவற்றில் உளுத்தும் போயிருந்தன. வெளியே பூச்சில் ஒரு குறையும் கண்ணுக்குப் படவில்லை. நீர் நுழைந்த இடம் சுவரின் நடுப்பகுதியன்று. ஜன்னலின் அடிமூலை, கூரை சுவரைச் சந்திக்கும் முனை, மேல்தளம் சுவரில் பொருந்தும் விளிம்பு முதலான சந்திப்புகளில் நுழைந்தது. அங்கெல்லாம் நீரை வெளியே தள்ளும் உலோகத் தகடு இருக்க வேண்டும். அது இல்லாமலோ குறையாகவோ இருந்தது. உள்ளே புகுந்த நீருக்குத் திரும்பி வர வழியே இல்லை. எந்தப் பூச்சு மழையைத் தடுக்க வந்ததோ, அந்தப் பூச்சே மழைநீரைச் சிறைப்பிடித்துக் கொண்டது. நீர் வடிந்து வெளியேற வழியுள்ள முறையையே சிறு வீடுகளில் கையாள வேண்டும் என்று 1996-ல் அந்த மாநிலம் விதித்தது.

வில்மிங்டன் கற்பித்த பாடம் எளிது. நீர் புகவே புகாது என்னும் நம்பிக்கையின்மேல் சுவரை எழுப்பக்கூடாது. நீர் புகும், புகுந்தால் வெளியேற வழி என்ன என்று முதலிலேயே கேட்க வேண்டும். பூச்சுக்கும் மரத்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டு, அடியில் திறந்து வைத்தால், நீர் வழிந்து போகும். காற்று புகுந்து மிச்ச ஈரத்தை உலர்த்தும். ஆனால் அமெரிக்காவின் ஒரு மூலையில் இப்பாடம் வெளிப்பட்ட அதே வருஷங்களில், உலகத்தின் மற்றொரு மூலையில் ஒரு தேசம் முழுவதும் நேர் எதிரான வழியில் போய்க்கொண்டிருந்தது. அத்தேசம் நியூஜிலாந்து.

ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகையுள்ள அந்நாட்டில் வீடுகள் பெரும்பாலும் மரத்தால் கட்டப்படுபவை. பழைய வீடுகளில் கூரை சுவருக்கு வெளியே நீண்டு இறவாரமாக நிற்கும். மரப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து நீரை வழியவிடும். உள்ளிருக்கும் பைன் மரம் போரான் உப்பில் ஊறியதாக இருக்கும். சுவர் இப்படிச் செய்யப்பட வேண்டும், தகடு இப்படி வைக்கப்பட வேண்டும் என்று விதிகளும் விவரமாக இருந்தன. 1991-ம் வருஷத்துக் கட்டிடச் சட்டம் இந்த ஒழுங்கை மாற்றியது. எப்படிக் கட்ட வேண்டும் என்று சர்க்கார் சொல்லாது. என்ன பயன் கிடைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் என்பது புதிய கொள்கை. சுவரின் எலும்புக்கூடு 50 வருஷமும் வெளிப்போர்வை 15 வருஷமும் உழைக்க வேண்டும். நீர் உள்ளே புகுந்து கெடுதி விளைவிக்கக்கூடாது. இந்தப் பயனை எந்த வழியில் அடைவது என்பது கட்டுபவரின் இஷ்டம். மேற்பார்வையையும் நகரசபைகளின் கையில் மட்டும் வைத்திராமல், தனியார் பரிசோதகர்களும் பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்கலாம் என்று அச்சட்டம் இடம் கொடுத்தது.

அக்காலத்தில் உலகெங்கும் வீசிய காற்று அது. சர்க்கார் ஒதுங்கினால் வியாபாரம் செழிக்கும், வியாபாரம் செழித்தால் ஜனங்களுக்கு மலிவான வீடு கிடைக்கும் என்று மந்திரிகளும் பொருளாதார நிபுணர்களும் சொன்னார்கள். அதே சமயத்தில் இன்னும் மூன்று காரியங்கள் நடந்தன. மத்தியதரைக் கடல் பிரதேசத்து மோஸ்தர் ஒன்று நாகரிகமாகி, இறவாரமில்லாத தட்டைக் கூரைகளும், கைப்பிடிச் சுவர்களும், மூடிய பால்கனிகளும் பெருகின. நுரைப் பலகைமேல் பூசிய செயற்கைக் காரையும், சிமெண்ட் நார்த் தகட்டின்மேல் பூசிய காரையும், இணைப்புத் தெரியாத ஒரே போர்வையாக, இடைவெளி இன்றி நேரே மரத்தின்மேல் போர்த்தப்பட்டன. போரானில் ஊறவைக்காமல் சூளையில் உலர்த்தியது மட்டுமான பைன் மரத்தைச் சட்டங்களுக்கு உபயோகிக்கலாம் என்று 1990-களில் அனுமதியும் கிடைத்தது. இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் நடந்திருந்தால் வீடு தப்பியிருக்கலாம். நீரைத் தள்ளும் கூரையும், நீரை வடிக்கும் இடைவெளியும், நீரைத் தாங்கும் மரமும், நீரைக் கவனிக்கும் கண்ணும் ஒருங்கே விலகியபோது தப்ப வழி ஏது?

பலன் தெரியச் சில வருஷங்கள் ஆயின. கம்பளத்தின் அடியில் ஈரம், அலமாரியின் பின்னால் கருமை, தூங்கும் அறையில் நாற்றம், குழந்தைகளுக்கு ஓயாத இருமல் என்று சிறு குறிகளாகத் தொடங்கியது. பூச்சைப் பெயர்த்துப் பார்த்தவர்கள் கையால் பிசையக்கூடிய மரத்தைக் கண்டார்கள். 2002-ல் டான் ஹன் என்பவர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, இது ஒரு பொருளின் குற்றமோ ஒரு தொழிலாளியின் குற்றமோ அன்று, கட்டிடத் தொழிலின் எல்லாப் படிகளிலும் நேர்ந்த தோல்வி என்று அறிவித்தது. அதே வருஷத்தில் இவ்வழக்குகளைத் தீர்ப்பதற்கென்று தனிச் சட்டம் ஒன்றும் பிறந்தது. மரத்தை மருந்தில் ஊறவைக்கும் விதி திரும்பி வந்தது. 2004-ம் வருஷத்துக் கட்டிடச் சட்டம் பழைய மேற்பார்வை முறையை மாற்றி, கட்டிட அனுமதி வழங்குவோர் அதற்குரிய அங்கீகாரம் பெற வேண்டுமென்று விதித்தது. மழையும் காற்றும் தாக்கும் அளவைப் புள்ளியிட்டுக் கணக்கிட்டு, ஆபத்து மிகுந்த சுவர்களுக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடும் முறையும் வந்தது. புதிய வீடுகளுக்கு வழி பிறந்தது. பழைய வீடுகளை வாங்கி, அதற்காகப் பட்ட கடனைத் தீர்த்துக்கொண்டிருந்த ஜனங்களின் கதி என்ன?

சர்க்காருக்காக 2009-ல் ஒரு கணக்காளர் நிறுவனம் தயாரித்த மதிப்பீட்டின்படி, பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000. நஷ்டம் சுமார் 1,130 கோடி நியூஜிலாந்து டாலர். வீடுகளின் தொகை 22,000 ஆகவும் இருக்கலாம், 89,000 ஆகவும் இருக்கலாம் என்று அதே மதிப்பீடு கூறிற்று. எண்ணிக்கைக்கே நிச்சயமில்லாததன் காரணம், அச்சுவர்கள் வெளியே பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தன என்பதுதான். அத்துடன் சட்டத்தின் மற்றொரு விதியும் வந்து வழிமறித்தது. கட்டிட வேலை நடந்து பத்து வருஷங்கள் கடந்தால் யார்மீதும் வழக்குத் தொடர முடியாது. உள்ளுக்குள்ளே மெல்ல நடக்கும் உளுப்பு பதினோராவது வருஷத்தில் கண்ணுக்குத் தெரிந்தால், வீட்டுக்காரர் கெஞ்சுவதற்கும் ஆளில்லை.

பத்து வருஷத்துக்குள் கண்டுகொண்டவர்கள் யாரிடம் போனார்கள்? வீடு கட்டிய கம்பெனி பல இடங்களில் கலைக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டு வரிசையைக் கட்டுவதற்கென்றே கம்பெனியைத் தொடங்கி, விற்று முடிந்ததும் மூடிவிடுவது அத்தொழிலில் சகஜமான வழக்கம். தனியார் பரிசோதகர்களைக் காப்பாற்றிவந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆபத்தைக் கண்டதும் பின்வாங்கின. அவர்களும் களத்தைவிட்டு மறைந்தார்கள். எஞ்சி நின்றது நகரசபை ஒன்றுதான். அதற்குக் கலைந்து போக வழியில்லை. வரி வசூலிக்கும் அதிகாரமும் உண்டு. கட்டிடத்தைச் சோதிப்பதில் நகரசபை கவனக்குறைவாக நடந்தால் வீட்டுக்காரருக்கு அது பதில் சொல்ல வேண்டும் என்னும் நியாயத்தை, இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் கைவிட்ட பிறகும் நியூஜிலாந்து நீதிமன்றங்கள் கைவிடவில்லை. அந்நாட்டு நிலைமை வேறு, ஆகையால் அந்நாட்டு நியாயமும் வேறாக இருக்கலாம் என்று லண்டன் பிரிவி கவுன்சிலே 1996-ல் ஒப்புக்கொண்டது. நியூஜிலாந்தின் சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் இதை வீடுகள் விஷயத்தில் உறுதிப்படுத்தி, 2012-ல் மற்றக் கட்டிடங்களுக்கும் விஸ்தரித்தது.

2011-ல் சர்க்கார் உதவித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. பழுது பார்க்கும் செலவில் நூற்றுக்கு 25 பங்கு சர்க்காரும், 25 பங்கு நகரசபையும் கொடுக்கும். 50 பங்கு வீட்டுக்காரர் தாமே தேட வேண்டும். உதவி பெறுபவர் சர்க்கார்மீதும் நகரசபைமீதும் வழக்குத் தொடரக்கூடாது. தவறே செய்யாத ஒருவர்மீது பாதிச் சுமையை ஏற்றிவிட்டு அதற்கு உதவி என்று பெயரிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களே அதை நாடினார்கள் என்பதில் வியப்பில்லை. 2016-ல் அந்தக் கதவும் மூடப்பட்டது.

இந்தச் சரித்திரத்தின் வெளிச்சத்தில்தான் 2025-ம் வருஷத்து அறிவிப்பைப் பரிசீலிக்க வேண்டும். நகரசபைகளின் முறையீட்டில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. நூற்றுக்கு இருபது பங்கு தவறு செய்த சபை, மற்றவர்கள் ஓடிவிட்டதால் நூறு பங்கும் கொடுக்க நேர்வது கஷ்டமே. அந்தப் பணம் வரி செலுத்தும் ஏழையின் பையிலிருந்தும் வருகிறது. பழி தன்மேல் விழுமோ என்று அஞ்சிய அதிகாரிகள் அனுமதி வழங்குவதில் தாமதம் செய்கிறார்கள், வீடுகள் போதாத நாட்டில் அதனால் வீட்டு விலை ஏறுகிறது என்று மந்திரிமார் கூறுவதையும் அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஓடிப்போனவனுடைய எண்பது பங்கை இனி யார் கொடுப்பார்? பங்கு வீதப் பொறுப்பு வந்தால் அந்த எண்பது பங்கு மாயமாய் மறைந்துவிடாது. நகரசபையின் தலையிலிருந்து இறங்கி வீட்டுக்காரரின் தலையில் ஏறும். சுவரைத் திறந்து பார்க்கும் அதிகாரமோ அறிவோ இல்லாதவர், வரைபடத்தைக் கண்ணால் காணாதவர், சான்றிதழை நம்பி வாங்கியவர் அவர் ஒருவரே. எல்லோரிலும் குறைந்த தவறு செய்தவருக்கு எல்லோரிலும் பெரிய பங்கு கொடுப்பதைப் பங்கு வீத நியாயம் என்று எப்படி அழைப்பது?

வீட்டு உத்தரவாதத்தையும், கட்டிடத் தொழிலில் ஈடுபட்டோர் இன்ஷூரன்ஸ் செய்துகொள்வதையும் இத்துடன் சேர்த்துப் பரிசீலிக்கப்போவதாக அந்த அறிவிப்பில் கூறப்பட்டது. அது நல்லதே. எனினும் பரிசீலனை வேறு, கட்டாயம் வேறு. அடுத்த வீடான ஆஸ்திரேலியாவில் கட்டிட உத்தரவாதத்தில் பெரும் பங்கு வகித்த எச்.ஐ.எச். என்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனி 2001-ல் முறிந்து விழுந்தபோது, மாகாண சர்க்கார்கள் பொதுப் பணத்தைக் கொண்டே ஜனங்களைக் காக்க நேர்ந்தது. லாபம் உள்ளவரை தனியார், நஷ்டம் வந்ததும் சர்க்கார் என்னும் ஏற்பாடு எங்கும் இப்படித்தான் முடிகிறது.

இதற்கிடையில், நம்பிக்கைக்குரிய கட்டிடத் தொழிலாளர்கள் சிறு வேலைகளுக்குத் தாங்களே சான்று வழங்கிக்கொள்ளலாம் என்னும் யோசனையையும் அந்நாட்டு சர்க்கார் 2024-ல் வெளியிட்டது. பொறுப்பைக் குறைக்கும் சட்டமும், மேற்பார்வையைக் குறைக்கும் சட்டமும் கைகோத்து வருவதைக் காண்கையில் 1991-ம் வருஷம் நினைவுக்கு வராமல் இராது. சோதனையும் மேற்பார்வையும் தவறினால் என்ன நேரும் என்பதற்கு லண்டன் நகரமும் சாட்சி. 2017 ஜூன் 14-ந் தேதி அங்கே கிரென்பெல் டவர் என்னும் மாடிக் கட்டிடத்தின் வெளிப்போர்வை தீப்பற்றி 72 பேர் மாண்டார்கள். அந்தப் போர்வை வேறு வகை. அலுமினியத் தகடுகளின் நடுவே பாலிஎதிலீன் வைத்தது. ஆனால் பண்டம் விற்பவர்கள் சோதனை முடிவுகளை மறைத்ததையும், சோதிக்க வேண்டிய ஸ்தாபனங்கள் கடமை தவறியதையும் 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. நீரானாலும் நெருப்பானாலும், பரிசோதகரின் சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அவருடைய கண்ணின் கூர்மை அமைகிறது.

நமது அபிப்பிராயத்தில், பொறுப்பைப் பங்கிடும் சட்டம் வர வேண்டுமாயின் அதற்குமுன் மூன்று காரியங்கள் நிறைவேற வேண்டும். ஒவ்வொரு புது வீட்டுக்கும், கட்டியவர் மறைந்தாலும் மறையாத உத்தரவாதம் கட்டாயமாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி முறிந்தாலும் அதைச் சர்க்கார் தாங்கி நிற்க வேண்டும். அந்த உத்தரவாதத்தின் ஆயுள், காகிதத்தில் எழுதிய பத்து வருஷத்தோடு முடியாமல், மரத்தின் உளுப்பு வெளிப்படுவதற்கு ஆகும் காலத்தை அனுசரித்ததாக இருக்க வேண்டும். எலும்புக்கூடு 50 வருஷம் நிற்க வேண்டுமென்று விதிக்கும் சர்க்கார், அது நிற்காவிட்டால் பத்து வருஷத்துக்குமேல் கேள்வி இல்லை என்று சொல்வது பொருந்தாது. மூன்றாவதாக, பூச்சு ஏறுவதற்குமுன் தகடுகளையும் சந்திப்புகளையும் நேரில் பார்க்கும் பரிசோதகர், கட்டுபவரிடம் கூலி பெறாத பொது ஊழியராக இருக்க வேண்டும். பூச்சு ஏறிய பிறகு பார்ப்பவர் வர்ணத்தை மட்டுமே பார்க்கிறார்.

செயற்கைக் காரையை அடியோடு தடை செய்ய வேண்டும் என்போரும் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. வெப்பத்தைத் தடுக்கும் சுவர் இக்காலத்துக்கு அவசியம். கல் சுவரின்மேலும், இடைவெளி விட்ட மரச் சுவரின்மேலும் அப்பூச்சு நன்றாகவே உழைக்கிறது. பண்டம் குற்றவாளியன்று. நீர் புகாது என்று நம்பிக் கட்டிய சுவரும், தவறு நேராது என்று நம்பி எழுதிய சட்டமும்தான் குற்றவாளிகள். முந்தியதை நியூஜிலாந்து திருத்திக்கொண்டது. இப்பொழுது பிந்தியதைத் திரும்ப எழுத முனைந்திருக்கிறது. சுவருக்குள் புகுந்த நீர் வெளியேற இடைவெளி வேண்டும். சட்டத்துக்குள் புகுந்த பொறுப்போ ஒரு சிறு இடைவெளியும் இல்லாமல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அந்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர்கள் உணர்ந்து நடப்பார்களாயின், 42,000 குடும்பங்கள் கொடுத்த விலை வீண்போகாது.